குதிரைக் கால் முடி

எங்கள் குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே நீளமாக முடி வளர்ந்திருந்தது. ராயபுரத்தில் அப்போது ஓடிய ஜட்காக் குதிரைகளில் வேறு எதற்கும் அப்படிக் கிடையாது. மற்றவை மட்டக் குதிரைகள். கால்கள் குச்சி போல இருக்கும். எங்களுடையதன் தாய், துறைமுகத்தில் பாரவண்டி இழுப்பதற்காக வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த சாதி என்று விற்றவர் சொன்னார். உண்மையா என்று தெரியாது. உயரம் சாதாரணம்தான். கால்கள் மட்டும் தடித்து, குளம்பை மூடும் அளவுக்கு வெள்ளை முடி தொங்கும்.

நைனா அந்த முடியைச் சாமரம் என்பார். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஸ்டேஷன் வாசலில் சவாரிக்கு நிற்கும்போது, ரயிலை விட்டு இறங்கி வருகிறவர்கள் கேட்பார்கள்.

"இன்னாபா, குதிரைக்குப் பாவாடை கட்டி வுட்டுகீற?"

அவருக்கு அதைவிடச் சந்தோஷமான கேள்வி கிடையாது. "ராஜாவுக்குப் பின்னால ஆள் நின்னு சாமரம் வீசுவான். இது தனக்குத்தானே வீசிக்கும். ஏறு, ஏறு" என்பார்.

திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போகிறவர்கள் வரிசையில் முன்னால் நிற்கும் வண்டிகளை விட்டுவிட்டு எங்கள் வண்டியில் ஏறியதற்கு அந்த முடி ஒரு காரணம். சலங்கை இன்னொரு காரணம். முன்னங்கால் இரண்டிலும் தோல் பட்டையில் சலங்கை கோத்துக் கட்டியிருந்தார். தோல் உராயாமல் இருக்க, பட்டையின் உள்பக்கம் விரல் தடிப்பில் ஒரு மெத்தை இருக்கும். அதைத் தைப்பது அம்மா.

எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். நைனா கைநாட்டு. அம்மாவும் அப்படியே. எனக்குத் தெரிந்த சொந்தக்காரர் அத்தனை பேரும் அப்படியே. நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரம், அதாவது ஒன்பதாவது, படித்துக்கொண்டிருந்தேன், இங்கிலீஷும் வாசிப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், நினைப்பது சரிதான்.

கார்த்திகை மழை விட்ட பிறகு குதிரை காலை உதைக்க ஆரம்பித்தது. நின்ற இடத்திலேயே தரையை ஓங்கி மிதிக்கும். ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்க்கும். கழுத்தை வளைத்துத் தன் காலைத் தானே கடிக்கும். ஒரு நாள் சவாரி ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னங்காலை உதைத்ததில் வண்டி ஆடி, ஓர் அம்மாள் தேங்காய்த் தட்டோடு கீழே விழப் பார்த்தாள். தேங்காய் மட்டும் விழுந்தது.

நைனா முதலில் கொசு என்றார். பிறகு சேற்றுப்புண் என்றார். காசிமேட்டுக்குக் கொண்டுபோய்க் கடலில் இறக்கி நிறுத்தினார். உப்புத் தண்ணீர் எந்தப் புண்ணையும் ஆற்றும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மணலில் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி அங்கிருந்தே கத்தினாள்:

"இன்னா நைனா, குதிரைய வச்சி இறா புடிக்கப் போறியா?"

"இறா இன்னாத்துக்கு? உன் வூட்டுக்காரன் எங்கனா வுழுந்து கெடப்பான், தேடிக் குட்த்துட்டுப் போலாம்னு வந்தேன்!"

"தேடாத, நல்லா இருப்ப! ரெண்டு நாளா நிம்மதியா கீறேன்."

கடலில் நின்ற அன்று குதிரை உதைக்கவில்லை. மறுநாள் உதைத்தது. வேப்பெண்ணெய் போட்டோம். புகையிலைத் தண்ணீர் ஊற்றினோம். முடிக்குள் கையை விட்டால் அப்பளம் போல் பொருக்கு கையோடு வந்தது. அதற்குக் கீழே தோல் கசிந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு பங்குனியிலும் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு திடலில் ஜட்காக்களுக்குச் சோதனை நடக்கும். இன்ஸ்பெக்டர் சக்கரம், விளக்கு, குதிரை எல்லாவற்றையும் பார்த்துத் தகடு கொடுப்பார். தகடு இல்லாத வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. முந்தைய வருஷம் எங்கள் சந்தில் ஒருவருடைய குதிரைக்குச் சொறி என்று தகடு மறுத்துவிட்டார்கள். அவர் குதிரையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். நைனாவால் அதுவும் முடியாது. ஒரு முறை வண்டி கவிழ்ந்ததில் அவருடைய வலது தோள் இறங்கிப்போயிருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. ஜட்கா ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை.

நான்தான் மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னேன். நைனா வர மறுத்தார். "மாட்டுக்குப் பாக்கிறவன் குதிரைக்கு இன்னா பாப்பான்?" இரண்டு நாள் சொன்ன பிறகு வந்தார்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். குனிந்து, முடியை விலக்கி, பொருக்கைக் கொஞ்சம் சுரண்டி ஒரு கறுப்புக் காகிதத்தில் தட்டினார். காகிதத்தை வெயிலில் நீட்டி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். வெள்ளைத் தூசி போலத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது தூசி நடந்தது.

நைனாவும் பார்த்தார். "இதுங்களா என் குதிரைய ஆட்டி வைக்குது?"

"இதுங்கதான். முடி இருக்கிற வரைக்கும் இதுங்களுக்கு ராஜபோகம். முடிய எடுத்துடுங்க."

நைனா கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "முடிய வச்சிக்கினே மருந்து போட முடியாதா சார்?"

"தலைப்பாகையோட தலைக்கு எண்ணெய் தேய்ப்பீங்களா?"

பின்னங்காலில்தான் இது வழக்கமாக முதலில் வரும், இதற்கும் அங்கேதான் அதிகம், பின்னால் நிற்கும்போது ஜாக்கிரதை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். பிறகு செய்ய வேண்டியதை ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதினேன். முழங்கால் வரை முடியை ஒட்ட வெட்ட வேண்டும். வெட்டிய முடியையும் லாயத்து வைக்கோலையும் எரிக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிப் பொருக்கை ஊறவைத்து எடுத்து, கால் உலர்ந்த பிறகு கந்தகமும் சுண்ணாம்பும் சேர்த்துக் காய்ச்சிய தண்ணீரை ஊற்ற வேண்டும். பத்து நாளுக்கு ஒரு தரம், விடாமல். துடைக்கும் துணியை வெந்நீரில் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி எழுதவும் முடிந்ததும் ஒரு கோடு போடவும் இடம் விட்டிருந்தேன். நைனா அந்த நோட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா கீது" என்றார்.

முடி வெட்டிய அன்று அவர் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே பார்க்கவேயில்லை. ஆட்டுக்கு முடி வெட்டும் கத்தரியைக் கேட்டு வாங்கி வந்து நானும் அம்மாவும் வெட்டினோம். முன்னங்கால் இரண்டும் சீக்கிரம் முடிந்தன. விடியற்காலையில் தொடங்கியும் பின்னங்கால்கள் முடியப் பள்ளிக்கூட நேரம் ஆகிவிட்டது. அம்மா கீழே கோணி விரித்து, விழுந்த முடியை எல்லாம் அதில் சேர்த்தாள்.

பக்கத்து லாயத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். நைனாவை மாமு என்று கூப்பிடுவார். "இன்னா மாமு, குதிரை திருப்பதிக்குப் போயிட்டு வந்துச்சா?"

"உன்னை இட்டுக்கினு போலாம்னுதான் பாத்துச்சு. உன் தலைல எடுக்க ஒண்ணும் இல்லியாம்" என்றார் நைனா. ஆனால் சிரிக்கவில்லை.

நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன்: "அம்மா, முடிய எரிக்கணும்னு எழுதிக் கீது."

"நான் பாத்துக்கறேன். நீ மூஞ்ச கழுவிக்கினு இஸ்கூலுக்குக் கெளம்பு."

சாயங்காலம் வந்து கேட்டேன். "எரிச்சிட்டியா?"

"எரிச்சாச்சு, எரிச்சாச்சு. போய்த் துன்னு."

கோடு போட்டேன்.

கந்தகத் தண்ணீர் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். ஊற்றுவது என் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் பெஞ்சின் கோடிக்கு நகர்ந்துகொண்டாள். என்ன நாற்றம் என்று டீச்சர் கேட்டபோது, எங்கள் குதிரைக்கு வைத்தியம் பண்ணுகிறேன் என்று எழுந்து நின்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. கணக்கில் என்னைத் தாண்டி யாரும் மார்க் வாங்கியதில்லை என்பதால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

மூன்று தரம் ஊற்றியதும் பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. உதைப்பது நின்றது. மாட்டுப் பொங்கலன்று நைனா குதிரைக்குக் கொம்பு இல்லையே என்று நெற்றிக்கு மட்டும் மஞ்சள் பூசி, கழற்றி வைத்திருந்த சலங்கைப் பட்டையை மறுபடியும் கட்டினார். அம்மா புதிதாக மெத்தை தைத்திருந்தாள். மழித்த கால் உறுத்தக் கூடாது என்று இந்தத் தடவை கனமாகவே தைத்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் உதைத்தது. பழைய முடி போய்ப் புதிது விரற்கடை அளவு முளைத்திருந்தது. அதன் அடியில் பொருக்கு.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் எதிரே கோடு இருந்தது. செய்ய வேண்டியதை எல்லாம் நாம் செய்திருக்கிறோம், அதனால் இது வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். பக்கத்து லாயத்துக் குதிரையும் எங்களுடையதும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தன. அந்தக் குதிரை ஒரு நாள் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. நைனாவிடம் சொன்னேன். அவர் தயங்கினார். நானே போய் அந்த வண்டிக்காரரிடம், உங்கள் குதிரைக்குப் பூச்சி இருக்கிறது, இனிமேல் எங்கள் தொட்டிப் பக்கம் கட்டாதீர்கள் என்று சொன்னேன்.

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"நீ சொல்றியா. சரி. பட்ச்ச பொண்ணு சொல்லிட்டா அப்பீல் ஏது?" என்று நைனா பக்கம் திரும்பினார். "கேட்டுக்க மாமு. என் குதிரை கலீஜாம். உன் குதிரை பன்னீர்ல குளிச்சிட்டு வருது."

அன்றிலிருந்து அவர் குதிரையைத் தெருக்குழாய்க்குக் கூட்டிப் போனார். இரண்டு வீடுகளுக்கும் பேச்சு நின்றது.

மறுபடியும் முடி வெட்டி, கழுவி, கந்தகம் ஊற்றினோம். பட்டையின் தோலை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். அதற்கும் நோட்டில் ஒரு வரி சேர்த்தேன். இரண்டு தரம் ஊற்றியதுமே உதைப்பு நின்றது. மாசித் திருவிழாவுக்கு நைனா சலங்கை இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்றார். ஒட்ட வெட்டிய காலோடு நிற்பதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது. கட்டினார். மூன்றாவது வாரம் குதிரை உதைத்தது. சோதனைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

நைனா அன்று சாப்பிடவில்லை. "தகடு போச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டை மறுபடியும் படித்தேன். இந்தத் தடவை கோடுகளைப் பார்க்காமல் தேதிகளைப் பார்த்தேன். இரண்டு முறையும் சலங்கை கட்டி மூன்றாவது வாரம் உதைத்திருந்தது. இரண்டு முறையும் முதலில் பொருக்கு தெரிந்த இடம் என்று நானே எழுதியிருந்தது, 'முன்னங்கால்.' பின்னங்காலில்தான் முதலில் வரும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. லாயத்துக்குப் போய்ப் பட்டையைக் கழற்றினேன். மெத்தையின் தையலை பிளேடால் அறுத்தேன். உள்ளே பஞ்சு இல்லை, தேங்காய் நாரும் இல்லை. வெள்ளை முடி இருந்தது. குதிரையின் முடி.

அதை என் பழைய சிலேட்டுப் பலகை மேல் தட்டி வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தூசி நகர்ந்தது.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"முடிய எரிச்சிட்டேன்னு சொன்னியே?"

"ஆமா, சொன்னேன். இன்னா இப்போ?"

"எரிச்சியா?"

"உசுரோட நிக்கிற குதிரையோட முடிய எவளாவது நெருப்புல போடுவாளா? அந்த நாத்தம் இன்னா நாத்தம்னு தெரியுமா உனக்கு? சுடுகாட்டுல பொணம் எரியற நாத்தம். வூட்டு வாசல்ல அந்த நாத்தத்த எழுப்பச் சொல்றானே அந்த டாக்டர், பெத்த அம்மா கீறாளா அவனுக்கு?"

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் முடியை எரிக்க மாட்டார்கள். தலை வாரினால் சிக்கு முடியைச் சுருட்டிச் சுவர் மாடத்தில் சேர்த்து வைப்பார்கள். தேறியதும் அதைச் சவுரியாகக் கட்டிக் கூந்தலோடு வைத்துப் பின்னிக்கொள்வார்கள். அம்மா களைந்த தண்ணீரை வடித்துவிட்டு மாடத்தைக் காட்டினாள்.

"உன் முடி அங்க கீது. எரிச்சேனா? உன் பின்னல்ல தொங்குதே, அது யார் முடி? உன்னோடதுதான். உன்னோடது உனக்கு உறுத்துதா? அதே மாதிரிதான், குதிரையோடது குதிரைக்கு உறுத்தாதுன்னு வச்சேன். பஞ்சவிட மெத்துன்னு கீது."

"அதுல பூச்சி கீதும்மா."

"உன் தலைலகூடத்தான் பேன் கீது. அத்தொட்டு உன் முடிய எரிச்சேனா?"

பலகையைக் கொண்டுவந்து காட்டினேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"இது நான் தச்சதுலேர்ந்தா?"

"ஆமா."

"ரெண்டு வாட்டியும்?"

"ரெண்டு வாட்டியும்."

பலகையைத் திருப்பிக் கொடுத்தாள். "உன் நைனாகிட்ட சொல்லாத" என்றாள்.

நானும் சொல்லவில்லை. அம்மாவுக்காகத்தான் மறைத்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கண்ணால் பார்க்காமல் கோடு போட்ட நோட்டு என்னுடையது என்பதும் ஒரு காரணம்.

அப்போதும் அம்மா முடியை எரிக்கச் சம்மதிக்கவில்லை. கொல்லையில் ஓர் ஓட்டைத் தகர டின்னை அடைத்து, சலவைச் சோடா போட்டு, இரண்டு மெத்தைகளிலும் இருந்த முடியையும் கோணியில் மீந்திருந்ததையும் ஒரு பகல் முழுவதும் கொதிக்க வைத்தாள். பிறகு துணியில் கட்டி, கல் வைத்துக் கடலில் போட்டுவிட்டு வந்தாள். தாளில் எழுதியிருந்தது அதுவல்ல. பூச்சி செத்தால் சரி என்று நான் விட்டுவிட்டேன். நைனாவிடம், பட்டை அழுக்காக இருக்கிறது, கொஞ்ச நாள் சலங்கை வேண்டாம் என்று சொன்னோம்.

"முடியும் இல்ல, சலங்கையும் இல்ல. குதிரையா கழுதையான்னு கேக்கப்போறான் இன்ஸ்பெக்டரு" என்றார்.

சோதனை நாள் வரை இரண்டு தரம் கந்தகம் ஊற்ற முடிந்தது. பொருக்கு பாதி உதிர்ந்திருந்தது. உதைப்பது குறைந்திருந்தது, நிற்கவில்லை. நோட்டைப் படித்துக்காட்ட நான் கூட வர வேண்டும் என்றார் நைனா. அம்மா ஏன் வருகிறாள் என்று கேட்டதற்கு, தண்டையார்பேட்டையில் நல்ல புளி கிடைக்கும் என்றாள்.

திடலில் முப்பது நாற்பது வண்டிகள் நின்றன. எங்களுக்கு அடுத்து, பேச்சு நின்றுபோன பக்கத்து லாயத்து வண்டிக்காரர். இன்ஸ்பெக்டர் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். குனிந்து குதிரையின் காலைப் பார்த்தார். கையிலிருந்த பிரம்பால் முன்னங்காலில் லேசாகச் சுரண்டினார். குதிரை உதடு துடிக்க ஓங்கி மிதித்தது.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான் சார். வைத்தியம் பண்ணிக்கினுகீறோம். என் பொண்ணு பட்ச்சிட்டுப் பண்ணுது" என்றார் நைனா.

"கொஞ்ச நாள்னா?"

நைனா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பிரித்து, மார்கழியிலிருந்து என்றேன்.

"மார்கழியிலிருந்து வைத்தியம் பண்ணி இன்னும் போகலைன்னா, இது போகாது. வண்டிய ஓரம் கட்டு. அடுத்தது."

நைனா நகரவில்லை. "போச்சு சார். ரெண்டு வாட்டி நல்லாப் போச்சு. பக்கத்துக் குதிரைலேர்ந்து திரும்பத் திரும்பத் தொத்திக்குது. நாங்க இன்னா சார் பண்றது?"

"எந்தக் குதிரை?"

நைனா கையைக் காட்டவில்லை. ஆனால் கண் போன பக்கம் இன்ஸ்பெக்டரும் பார்த்துவிட்டார். "உன் குதிரையா? இங்க கொண்டா. அந்தத் தகட்டை எழுதாதே" என்று பின்னால் நின்ற குமாஸ்தாவிடம் சொன்னார்.

பக்கத்து லாயத்துக்காரர் தன் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார். என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாதான் முன்னால் வந்தாள்.

"ஐயா, அந்தக் குதிரை மேல பழி போடாதீங்க. அது ஒண்ணும் பண்ல. நான்தான் பண்ணேன்."

"நீ என்னம்மா பண்ணே?"

"எரிக்கச் சொன்ன முடிய எரிக்கல. சலங்கை மெத்தைல வச்சித் தச்சிட்டேன். என் பொண்ணு ஊத்தி ஊத்திப் போக்குது, நான் கட்டிக் கட்டிக் கொண்டாந்து வுட்டேன். இப்ப எடுத்தாச்சு. கொதிக்க வச்சிக் கடல்ல போட்டாச்சு. இவருக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா தெரியாது."

நைனாவின் வாய் திறந்தபடியே இருந்தது. சுற்றி நின்ற வண்டிக்காரர்களில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, மற்றவர்களுக்கும் அது தொற்றியது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கினார். இரண்டு பக்கம் நிதானமாகப் படித்தார். "யார் எழுதினது?"

"நான் சார்."

"முடி எரித்தாகிவிட்டதுன்னு கோடு போட்டிருக்கே."

"கேட்டுட்டுப் போட்டேன் சார். பாக்கல."

"இனிமே பாத்துட்டுப் போடு" என்று நோட்டைத் திருப்பித் தந்தார். பிறகு பக்கத்துக் குதிரையின் காலையும் முதுகையும் பார்த்து, அதற்குத் தகடு எழுதச் சொன்னார். எங்களுக்கு ஒரு தாள் கொடுத்தார். முப்பது நாள் கழித்துக் குதிரையைக் கொண்டுவர வேண்டும். அதுவரை வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது.

காலி வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினோம். ஓட்டவும் இல்லை, நைனா குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். தகடு அடித்த வண்டி ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போனது. பக்கத்து லாயத்துக்காரர் வந்தபோது நான் ஓரமாகப் போய், தப்பு என்னுடையது, உங்கள் குதிரையைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன்.

அவர் வண்டியை நிறுத்தாமலே, "என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? அதுகிட்ட சொல்லு" என்று சாட்டையால் குதிரையைக் காட்டினார்.

நான் குதிரையிடம் சொல்லவில்லை. அவ்வளவு பேர் பார்க்கும் தெருவில் அது என்னால் முடியாது. ஆனால் கொஞ்ச தூரம் போய் அவர் திரும்பிப் பார்த்து, "மாமு, தொட்டில தண்ணி ரொப்பி வையி. நானும் அங்கதான் வருவேன்" என்று கத்தினார்.

நைனா இடது கையை மட்டும் தூக்கினார். ரயில்வே கேட்டுக்கு வந்தோம். கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்த பிறகு சொன்னார்:

"குதிரைக்குச் சவுரி வச்ச பொம்பள இந்தப் பட்டணத்துலயே நீ ஒருத்திதான்."

"சரி, வச்சேன். கால் வலிக்குது, வண்டிய நிறுத்து. ஏறிக்கறேன்" என்றாள் அம்மா.

"ஏறக் கூடாது. எழுதிக் குட்த்துகீறான்."

"நான் இன்னா சவாரியா? உன் பொண்டாட்டி."

"பொண்டாட்டி ஏறலாம்னு எழுதிகீதா? அவளையே படிக்கச் சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள். தாளை எடுத்து, ஒரு தரத்துக்கு இரண்டு தரமாகப் படித்தேன். எவரையும் ஏற்றக் கூடாது என்றுதான் இருந்தது. அப்படியே சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரும் வழியில் வாங்கிய புளி மூட்டையை மட்டும் வண்டிக்குள் எறிந்தாள். வீடு வரைக்கும் நடந்தாள்.

அந்த முப்பது நாளும் நைனா காசிமேட்டிலிருந்து வண்டியில் மீன் கூடை ஏற்றி ஓட்டினார், தூக்கி வைப்பது மீன்காரர்கள். கூடைக்குத் தகடு வேண்டாம். மூன்று தரம் கந்தகம் ஊற்றினேன். ஒவ்வொன்றையும் நானே நின்று பார்த்துவிட்டுக் கோடு போட்டேன். முப்பதாம் நாள் அதே இன்ஸ்பெக்டர் பிரம்பால் நான்கு கால்களையும் சுரண்டிப் பார்த்தார். குதிரை அசையவில்லையாம். தகட்டை வண்டியில் அடித்த பிறகு, முதல் சவாரியாக நைனா அம்மாவை ஏற்றிக்கொண்டார். நான் பரீட்சைக்குப் போயிருந்தேன்.